கொழும்பில் இருந்துகொண்டே அனிமேஷனுக்கும் வீடியோ கேம்களுக்கும் குரல் நடிகையாக முடியுமா?

கேள்வி: அசரீரி (வெள்ளவத்தை)

அனைவருக்கும் வணக்கம். நான் கோட்டையில் உள்ள ஒரு கப்பற் சரக்கு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். வயது 25. பாடசாலைக் காலத்தில் தமிழ்த் தினப் போட்டிகளில் நாடகத்திலும் பாவோதலிலும் தொடர்ந்து பங்குபற்றியிருக்கிறேன். மேடையில் முகம் காட்டி நடிப்பதைவிட, திரைக்குப் பின்னால் நின்று கிழவியாகவும் பேயாகவும் சின்னப் பையனாகவும் குரல் கொடுப்பதே எனக்கு எப்போதும் பிடித்திருந்தது. சுட்டி டிவியில் கார்ட்டூன் பார்த்து வளர்ந்தவள் என்பதால், அந்தப் பாத்திரங்களுக்குப் பின்னால் யாரோ ஒருவர் ஓர் அறைக்குள் நின்று பேசுகிறார் என்று அறிந்த நாளிலிருந்து இந்த ஆசை விடாமல் என்னுடன் வருகிறது. பிற்காலத்தில் தம்பியோடு சேர்ந்து கேம் விளையாடத் தொடங்கியதும், நடிப்புக்கு இவ்வளவு இடம் அங்கேயும் இருக்கிறதா என்று வியந்தேன்.

வேலையை விட்டுவிட்டுப் போகும் எண்ணம் இப்போதைக்கு இல்லை. அம்மாவும் அதற்குச் சம்மதிக்கமாட்டார். ஆனால் ஐந்து, ஆறு வருடங்களில் இதை ஒரு தொழிலாகச் சொல்லக்கூடிய நிலைக்கு வர விரும்புகிறேன். அந்த வேலை உள்ளே எப்படி நடக்கிறது, சென்னைக்குப் போனால்தான் வழி பிறக்குமா, காலி வீதிக்கும் ரயில் பாதைக்கும் நடுவில் இருக்கும் எங்கள் வீட்டில் ஒலிப்பதிவு செய்வது நடக்கக்கூடிய காரியமா என்பவற்றை அனுபவமுள்ளவர்களிடம் கேட்டறிய வேண்டும்.

இன்னொரு விடயமும் உண்டு. இணையத்தில் என் மாதிரி ஒலிப்பதிவைக் கேட்ட ஒரு வெளிநாட்டு நிறுவனம், ஏறக்குறைய மூவாயிரம் தமிழ் வாக்கியங்களை வெவ்வேறு உணர்ச்சிகளில் வாசித்துத் தருமாறு கேட்டிருக்கிறது. கொடுப்பதாகச் சொல்லும் தொகை என் இரண்டு மாதச் சம்பளத்துக்குச் சமம். எந்தப் பாத்திரத்துக்காக என்று கேட்டதற்கு, "உள்ளகப் பயன்பாட்டுக்கு" என்று மட்டும் பதில் வந்தது. ஏற்றுக்கொள்ளலாமா?

பதில் 1: பழைய ஒலிவாங்கி

அன்பு மகளுக்கு,

இலங்கை வானொலியில் பகுதிநேர நாடகக் கலைஞனாக நெடுங்காலம் இருந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். அனிமேஷனும் கேமும் எனக்குப் புதியவை. என் பேரப்பிள்ளைகள் பார்ப்பதையும் விளையாடுவதையும் பக்கத்தில் இருந்து பார்க்கிறேன், அவ்வளவே. ஆனால் முகம் தெரியாமல் குரலால் மட்டும் ஒரு மனிதரை உண்டாக்கும் கலை கொழும்புக்குப் புதியதல்ல. 1925 இல் தொடங்கிய வானொலி இந்த நகரத்தில் எத்தனையோ குரல்களை வளர்த்தெடுத்தது. ராஜேஸ்வரி சண்முகமும் பி. எச். அப்துல் ஹமீதும் தமிழ்நாட்டிலும் வீட்டுக்கு வீடு அறியப்பட்டார்கள் என்றால், அது குரல் இனிமையால் மட்டும் வந்த புகழன்று. சொல்லின் பொருளை உணர்ந்து, கேட்பவர் கண்முன் ஒரு காட்சியை நிறுத்தத் தெரிந்திருந்ததால் வந்தது.

கலையகத்தில் நாங்கள் ஓர் ஒலிவாங்கியைச் சுற்றி நான்கைந்து பேர் நிற்போம். இரகசியம் பேசுபவர் அதன் அருகே ஒரு சாண் தூரத்துக்கு வருவார். வீதியிலிருந்து வீட்டுக்குள் வரும் பாத்திரம் அறையின் பின்மூலையிலிருந்து பேசிக்கொண்டே நடந்து வர வேண்டும். பிரதித் தாள்களை ஊசி போட்டுச் சேர்க்கமாட்டோம். பக்கம் புரட்டும் சரசரப்பு ஒலிப்பதிவில் விழுந்துவிடும் என்பதால், வாசித்து முடித்த தாளைச் சத்தமில்லாமல் கம்பளத்தின்மீது நழுவவிட்டுவிட்டு அடுத்ததைப் பார்ப்போம். கண் அடுத்த தாளின் முதல் வரியில் இருக்கும்போதே வாய் முந்திய தாளின் கடைசி வரியை அழுதுகொண்டு சொல்லும். அந்தப் பழக்கம் உமக்கு இன்றைக்கும் பயன்படும். தாளுக்குப் பதிலாகக் கணினித் திரை இருக்கும், அவ்வளவுதான்.

அமெரிக்க அனிமேஷனின் முதல் பெரிய குரல் நடிகரான மெல் பிளாங்க்கும் வானொலியில் இருந்து வந்தவர்தான். பக்ஸ் பன்னி முயலும் டஃபி வாத்தும் போர்க்கி பன்றியும் அவர் ஒருவருடைய தொண்டையிலிருந்தே பேசின. அவர் சம்பள உயர்வு கேட்டபோது தயாரிப்பாளர் மறுத்துவிட்டுப் படத்தின் தொடக்கத்தில் பெயரைப் போட ஒப்புக்கொண்டார். அந்தப் பெயரைப் பார்த்தே வானொலி வாய்ப்புகள் அவருக்குப் பெருகின. 1961 இல் கார் விபத்தில் உடல் முழுவதும் மாவுக்கட்டுப் போட்டுப் படுத்திருந்தபோதும், ஒலிவாங்கியைக் கட்டிலுக்கு மேலே தொங்கவிட்டு ஃப்ளின்ட்ஸ்டோன்ஸ் தொடருக்குக் குரல் கொடுத்தார். குரல் நடிப்பில் உடம்பின் பங்கு சிறிது என்று நினைப்பவர்கள், அசைய முடியாத உடம்போடு அதைச் செய்வதற்கு எவ்வளவு தேர்ச்சி வேண்டும் என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

சின்னப் பையனின் குரல் பிடிக்கும் என்று எழுதியிருக்கிறீர். அது இந்தத் தொழிலில் நல்ல மூலதனம். பார்ட் சிம்ப்சன் என்ற கார்ட்டூன் பையனுக்கு 1987 முதல் குரல் கொடுப்பவர் நான்சி கார்ட்ரைட் என்ற பெண்மணி. ஜப்பானில் மசாகோ நொசாவா 1986 இல் டிராகன் போல் தொடரின் கோக்குவுக்குக் குரல் கொடுக்கத் தொடங்கி, அந்தப் பையன் வளர்ந்து தகப்பனான பிறகும், தாம் எண்பத்தைந்து வயதைத் தாண்டிய பிறகும் அதே பாத்திரத்தைப் பேசி வந்தார். ஆண் பிள்ளைக்கு வயது வந்தால் குரல் உடையும். பெண்ணின் குரல் அப்படி உடைவதில்லை. ஆகவே பையன் பாத்திரங்கள் பெண்களிடம் போவது பல நாடுகளில் வழக்கம்.

நம் நாட்டில் ரூபவாஹினி 1982 இல் தொடங்கியபின் டைட்டஸ் தொட்டவத்த வெளிநாட்டுக் கார்ட்டூன்களைச் சிங்களத்தில் தந்த விதத்தை நான் மிகவும் மதிக்கிறேன். பக்ஸ் பன்னி முயல் சிங்களக் கிராமம் ஒன்றில் பிறந்து வளர்ந்ததைப்போலவே பேசியது. இலங்கைத் தமிழில் அப்படியொரு மரபு அந்த அளவுக்கு வேரூன்றவில்லை என்பது என் மனக்குறை. எங்கள் பிள்ளைகள் பொம்மையை வைத்து விளையாடும்போது சென்னைத் தமிழில் பேசுகிறார்கள். கார்ட்டூன் என்றால் அப்படித்தான் பேச வேண்டும் என்று அவர்கள் மனத்தில் பதிந்துவிட்டது. சென்னைப் பேச்சை நீர் கட்டாயம் பழக வேண்டும், வேலை அங்கே இருக்கிறது. ஆனால் யாழ்ப்பாணத்தையும் மட்டக்களப்பையும் மலையகத்தையும் கொழும்பு முஸ்லிம்களின் பேச்சையும் காதால் வாங்கி வைத்துக்கொள்ளும். வெள்ளவத்தைச் சந்தைக்கு ஒரு காலை போனால் இவை எல்லாவற்றையும் ஓரிடத்தில் கேட்கலாம்.

பயிற்சிக்கு ஒன்று சொல்கிறேன். நாளிதழில் ஓர் மரண அறிவித்தலை எடுத்து, இறந்தவரின் மகளாகவும், அவருக்குக் கடன் கொடுத்தவராகவும், அச்சுப்பிழை தேடும் ஒப்புநோக்குநராகவும் வாசித்துப் பாரும். குரலை மாற்ற வேண்டாம். நோக்கத்தை மட்டும் மாற்றும். குரல் தானாக மாறுவதைக் கேட்பீர். பலகுரல் மன்னர்கள் பலர் நாடகத்தில் தேறாமல் போனதற்கு, குரலை மாற்றத் தெரிந்த அளவுக்கு நோக்கத்தை மாற்றத் தெரியாததே காரணம் என்பது என் துணிபு.

பதில் 2: நாரஹேன்பிட்டி ஒலிப்பதிவாளர்

ஐயா எழுதியதில் எனக்கு முழு உடன்பாடு. நான் தொழில்நுட்பப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். விளம்பரங்களும் சில சிறிய வெளிநாட்டுக் கேம்களின் ஒலிப்பதிவும் எங்கள் கலையகத்தில் நடப்பதால், உள்ளே நடப்பதை ஓரளவு சொல்ல முடியும்.

அனிமேஷனில் இரண்டு முறைகள் உண்டு. அமெரிக்காவில் பெரும்பாலும் குரலை முதலில் பதிவுசெய்து, அந்தக் குரலைக் கேட்டே வாயையும் முகத்தையும் வரைகிறார்கள். ஜப்பானில் படம் ஓரளவு தயாரான பிறகு, அதைப் பார்த்துக்கொண்டு நடிகர்கள் பேசுகிறார்கள். டப்பிங் என்பது இந்த இரண்டிலும் சேராத மூன்றாவது வேலை: இன்னொருவர் ஏற்கெனவே நடித்து முடித்த நடிப்பை, காதுக்குள் அதைக் கேட்டுக்கொண்டு, அந்த வாயசைவுக்குள் அடங்கும் விதத்தில் மறுபடி நடிக்க வேண்டும். சென்னையில் நடப்பது பெரும்பாலும் இந்த மூன்றாவது வேலையே.

கேம் வேலை இவற்றிலிருந்து மிகவும் வேறுபட்டது. நாடகப் பிரதி என்று ஒன்று கைக்கு வராது. எக்ஸெல் அட்டவணை ஒன்று வரும். ஒவ்வொரு வரிக்கும் ஓர் எண், கோப்பின் பெயர், பேசுபவர், யாரிடம் பேசுகிறார், எவ்வளவு தூரத்தில் நிற்கிறார் என்பன இருக்கும். சில வேளைகளில் அந்தத் தகவல்கூட இருக்காது. விளையாடுபவர் எடுக்கும் முடிவைப் பொறுத்துக் கதை கிளை பிரிவதால், ஒரே தோழனை நீங்கள் மன்னிக்கும் வரியையும் கொல்லும் வரியையும் அடுத்தடுத்துப் பேச வேண்டியிருக்கும். எதிரே நடிப்பவர் யாரும் இருக்கமாட்டார். பெரும்பாலும் தனியாகத்தான் பதிவு. ஒவ்வொரு வரியையும் இடைவெளி விட்டு மூன்று முறை, மூன்றும் வெவ்வேறாகச் சொல்லச் சொல்வார்கள். கேமின் உண்மையான பெயரைக்கூடச் சொல்லாமல் புனைபெயரில் வேலை வாங்குவதும், வெளியாகும்வரை வாய் திறக்கக்கூடாது என்று எழுதி வாங்குவதும் சாதாரணம்.

உரையாடல் முடிந்த பிறகு வருவது சொற்களற்ற ஒலிகள். சிறிய அடி விழுந்தால், பெரிய அடி விழுந்தால், மதிலிலிருந்து குதித்தால், நெருப்பில் அகப்பட்டால், நஞ்சு உண்டால், மூச்சு வாங்கி ஓடினால், இறந்தால் என்று ஒரு நீண்ட பட்டியல் இருக்கும். புதியவர்கள் இதை அலட்சியமாக நினைத்துக்கொண்டு வருகிறார்கள். 1996 இல் வெளியான சூப்பர் மாரியோ 64 முதல் 2023 வரை மாரியோவுக்குக் குரலாக இருந்த சார்ள்ஸ் மார்ட்டினே, அந்தப் பாத்திரத்தை ஒரு சில சொற்களாலும் துள்ளல் ஒலிகளாலுமே உலகம் முழுவதும் அறியச் செய்தார். விளையாடுபவர் அந்த ஒலியை ஒரு நாளில் நூற்றுக்கணக்கான தடவை கேட்பார். நூறாவது தடவையும் அது காதைக் குடையக்கூடாது. அலறும் வரிகளை எப்போதும் நாளின் கடைசியில் வைக்கச் சொல்லிக் கேளுங்கள். முதலில் அலறிவிட்டால் மிகுதி வரிகளுக்குத் தொண்டை மிஞ்சாது.

இனி உங்கள் வீடு. வெள்ளவத்தையில் கடற்பக்கம் குடியிருப்பவருக்குச் சத்தங்கள் வரிசையில் நிற்கும்: ரயில், காகம், காலி வீதியின் பஸ் ஹோர்ன், விடிகாலையிலும் மாலையிலும் பீத்தோவனின் மெட்டை ஒலித்துக்கொண்டு ஒழுங்கைக்குள் நுழையும் பாண் முச்சக்கர வண்டி. எங்களுக்கு ஒலிப்பதிவு அனுப்பும் ஒரு பெண்ணின் கோப்பு ஒன்றில், அரக்கி சாகும் கட்டத்தில் பின்னணியில் அந்தப் பாண் மெட்டு மெல்லியதாகக் கேட்டது. நடிப்பு அருமையாக இருந்தும் மறுபடி பதியச் சொல்ல வேண்டியதாயிற்று. பின்னணிச் சத்தத்தை மென்பொருளால் துடைத்து எடுக்கலாம் என்று நம்ப வேண்டாம். துடைக்கும்போது குரலின் உயிரும் சேர்ந்து போகும்.

ஆகவே இரவு பத்து மணிக்குப் பிறகு, வீதிக்கு எதிர்ப்பக்கத்து அறையில், துணிகள் நிறைந்த அலுமாரியின் கதவுகளைத் திறந்துவைத்து அதை நோக்கிப் பேசுங்கள். பருத்திச் சேலைகளும் போர்வைகளும் தொங்கும் அலுமாரி, விலைகொடுத்து வாங்கும் மெல்லிய பஞ்சுத் தகடுகளைவிட எதிரொலியை நன்றாக அடக்கும். முதுகுப் பக்கம் ஒரு மெத்தையை நிறுத்துங்கள். மின்விசிறியும் குளிரூட்டியும் நிற்க வேண்டும். வியர்க்கும், வேறு வழியில்லை. நல்ல கண்டென்சர் மைக் ஒன்றும், அதைக் கணினியோடு இணைத்து அதற்கு 48 வோல்ட் மின்னழுத்தம் கொடுக்கும் ஒலி இணைப்புப் பெட்டி ஒன்றும் போதும். பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாஸாப் பக்கம் விசாரித்துப் பாருங்கள். கடற்காற்றும் ஈரப்பதனும் மைக்கின் மெல்லிய தகட்டைக் கெடுக்கும் என்பதால், வேலை முடிந்ததும் சிலிக்கா ஜெல் பைகளோடு காற்றுப் புகாத டப்பாவுக்குள் வைத்து மூடுங்கள். ஒடாசிட்டி ஓர் இலவச ஒலிப்பதிவு மென்பொருள். தொடக்கத்துக்கு அதுவே தாராளம். அதன் பதிவு அமைப்பில் 48 கிலோஹேர்ட்ஸ், 24 பிட், ஒற்றைத் தடம், வேவ் கோப்பு என்று தெரிவதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். எம்பி3 கோப்பை இறுதிப் பதிவாக அனுப்ப வேண்டாம்.

டெமோ எனப்படும் மாதிரிப் பதிவை ஒரு நிமிடத்துக்கும் ஒன்றரை நிமிடத்துக்கும் இடையில் முடித்துவிடுங்கள். உங்கள் இயல்பான குரலுக்கு நெருக்கமான பாத்திரம் முதலில் வரட்டும். பிரபல நடிகர்களைப் போலப் பேசுவதை அதில் சேர்க்காதீர்கள். அந்த நடிகரே இருக்கும்போது அவருடைய நகலுக்கு வேலை இல்லை.

சென்னை பற்றி: அங்கே பின்னணிக் குரல் கலைஞர்களுக்குத் தொழிற்சங்கம் உண்டு, சங்க உறுப்புரிமை இல்லாமல் திரைப்பட டப்பிங்கில் நிலைப்பது கடினம். சுற்றுலா விசாவில் போய் வேலை செய்யவும் முடியாது. பெரிய படங்களின் முதன்மைப் பாத்திரங்கள் நட்சத்திரங்களிடமே போகின்றன. 2019 இல் வந்த லயன் கிங் படத்தின் தமிழ்ப் பதிப்பில் சிம்பாவுக்குச் சித்தார்த்தும் ஸ்காருக்கு அரவிந்த்சாமியும் பேசினார்கள். பெரிய நிறுவனங்களின் கேம்களில் முழுமையான தமிழ்க் குரல் கேட்பது இன்றும் அரிது. கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பம் ஒன்றைப் பற்றி 2023 இல் வெளியாகி, மறுவருடம் சிறந்த அறிமுகக் கேமுக்கான பிரித்தானிய பாஃப்டா விருதை வென்ற வெண்பா என்ற கேமில்கூட, பாடல்களில் தமிழ் ஒலிக்கிறதே தவிர உரையாடல்கள் பெரும்பாலும் எழுத்தாகவே திரையில் வருகின்றன.

ஆதலால் உங்கள் முதல் கேம் வேலை பெரும்பாலும் ஆங்கிலத்தில், ஒரு சிறிய சுயாதீனக் குழுவிடமிருந்து வரும். காஸ்ட்டிங் கோல் கிளப் போன்ற தளங்களிலும், இட்ச் தளத்தில் நடக்கும் கேம் உருவாக்கும் போட்டிகளிலும் குரல் தேடுவார்கள். அவற்றில் பாதி சம்பளமில்லாத வேலை. பாத்திரம் பிடித்திருந்தால் ஓரிரண்டு செய்து பார்க்கலாம். அதையே வழக்கமாக்கிக்கொள்ள வேண்டாம். கொழும்பில் உங்கள் கைச்செலவுக்கு உதவப்போவது மும்மொழி விளம்பரங்களும், வங்கிகளின் தொலைபேசி அறிவித்தல்களும், இணையவழிக் கல்விப் பாடங்களும்தான். மூன்று மொழியிலும் பேசத் தெரிந்தால் அது இங்கே பெரிய பலம்.

பதில் 3: குரல்நாண்

நான் பேச்சு மொழிச் சிகிச்சையாளர். தங்கைக்கு ஒரு சில வார்த்தைகள் மட்டும்.

2016 ஒக்டோபரில் அமெரிக்காவின் சாக்-ஆஃப்ட்ரா என்ற நடிகர் சங்கம் கேம் நிறுவனங்களுக்கு எதிராகத் தொடங்கி ஏறக்குறைய ஒரு வருடம் நடத்திய வேலைநிறுத்தத்தில், கத்தியும் அலறியும் பேச வேண்டிய பதிவுகளின் நேரத்தை நான்கு மணியிலிருந்து இரண்டு மணியாகக் குறைக்க வேண்டும் என்பதும் ஒரு கோரிக்கையாக இருந்தது. தேர்ச்சி பெற்றவர்களே அப்படிக் கேட்டார்கள் என்றால், பகல் முழுவதும் அலுவலகத்தில் பேசிவிட்டு இரவு பத்து மணிக்குமேல் அலற நினைக்கும் நீங்கள் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும் என்பதை யோசியுங்கள்.

குடிக்கும் தண்ணீர் குரல்நாண்களைத் தொட்டுக்கொண்டு போவதில்லை. அது உடம்பில் ஊறித்தான் அங்கே ஈரமாகச் சேரும் என்பதால், பதிவுக்குச் சற்று முன் ஒரு போத்தலைக் குடிப்பதால் பலனில்லை. காலையிலிருந்தே குடித்துவர வேண்டும். ஆவி பிடிப்பது மேற்பரப்பை நேரடியாக ஈரமாக்கும். தொண்டையைச் செருமும் பழக்கத்தை விடுங்கள். பதிவுக்கு முன் ஒரு ஸ்ட்ரோவைத் தண்ணீரில் வைத்துக் குமிழ் வரும்படி மெதுவாக ஓசை எழுப்பி, குரலை மேலும் கீழும் ஏற்றி இறக்குங்கள். இரவு நேரக் கொத்து ரொட்டியை உண்டுவிட்டு உடனே படுத்தால் வயிற்று அமிலம் மேலே வந்து குரல்நாண்களை வீங்கவைக்கும். காலையில் குரல் கட்டிப் போவதற்குப் பலரிடம் இதுவே காரணம்.

குரல் கரகரப்பு இரண்டு, மூன்று வாரங்களைத் தாண்டினால் காது மூக்குத் தொண்டை வைத்தியரிடம் கட்டாயம் காட்டுங்கள். குரல்நாண்களில் கணுக்கள் (சிறு தடிப்புகள்) தோன்றியிருந்தால் தொடக்கத்திலேயே சிகிச்சைப் பயிற்சியால் சரிப்படுத்தும் வாய்ப்பு அதிகம். களனிப் பல்கலைக்கழகத்தின் ராகம மருத்துவ பீடத்தில் பட்டம் பெற்ற சிகிச்சையாளர்கள் நாட்டின் பல வைத்தியசாலைகளிலும் இருக்கிறார்கள். அலறுவதற்கும் முறை இருக்கிறது, அதைக் கற்றுக்கொள்ளலாம். நொந்தால் நிறுத்துவதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

பதில் 4: கொட்டாஞ்சேனையான்

சகோதரி, எல்லோரும் கலையைப் பற்றி எழுதிவிட்டார்கள். நான் அந்த மூவாயிரம் வாக்கியங்களைப் பற்றி எழுத வேண்டியவனாக இருக்கிறேன், ஏனென்றால் அதுதான் இப்போது அவசரம். பல வருடங்களாக இணையம் வழியே குரல் வேலை செய்து வருகிறேன்.

பாத்திரம் இல்லை, கதை இல்லை, தொடர்பற்ற வாக்கியங்கள் ஆயிரக்கணக்கில், ஒவ்வொன்றும் பல உணர்ச்சிகளில், பயன்பாடு "உள்ளகம்": இது செயற்கைக் குரலைப் பயிற்றுவிப்பதற்கான ஒலிப்பதிவின் முழு அடையாளமும் ஆகும். அப்படிப்பட்ட வேலையே பாவம் என்று நான் சொல்லவரவில்லை. தெரிந்து, விலைபேசி, வரம்பு வைத்துச் செய்பவர்கள் இருக்கிறார்கள். தெரியாமல் செய்வதுதான் ஆபத்து.

நியூயோர்க்கில் இரண்டு குரல் கலைஞர்கள் லோவோ என்ற செயற்கைக் குரல் நிறுவனத்தின்மீது 2024 இல் தொடுத்த வழக்கை நீங்கள் அறிந்திருக்க வேண்டும். ஃபைவர் என்ற இணைய வேலைத் தளம் வழியாக அவர்களை அணுகியவர்கள், ஒருவருக்கு 1,200 டொலரும் மற்றவருக்கு 400 டொலரும் கொடுத்துப் பதிவு வாங்கினார்கள். ஆய்வுக்கும் உள்ளகச் சோதனைக்கும் மட்டுமே என்று தங்களிடம் சொல்லப்பட்டதாக அவர்கள் கூறுகிறார்கள். பின்னர் காரில் போய்க்கொண்டிருந்தபோது கேட்ட ஒரு பொட்காஸ்ட்டில், அவர்களில் ஒருவருடைய குரலிலேயே ஓர் இயந்திரம் பேசிக்கொண்டிருந்தது. 2025 ஜூலையில் நீதிமன்றம் அவர்களுடைய கோரிக்கைகள் சிலவற்றைத் தள்ளிவிட்டு, ஒப்பந்த மீறல், நியூயோர்க் மாநிலச் சட்டம் ஆகியவற்றின் அடிப்படையிலான கோரிக்கைகளைத் தொடர அனுமதித்தது. "உள்ளக" என்ற அதே சொல் உங்களுக்கும் வந்திருப்பதைப் பாருங்கள். அவர்களுக்கு வழக்குப் போட ஓர் ஊரும் சட்டமும் இருந்தன. வெள்ளவத்தையில் இருந்துகொண்டு நீங்கள் எந்த நாட்டு நீதிமன்றத்துக்குப் போவீர்கள்?

அமெரிக்கக் கேம் நடிகர்கள் 2024 ஜூலை 26 முதல் ஏறக்குறைய ஒரு வருடம் வேலைநிறுத்தம் செய்ததும் இதற்காகவே. 2025 இல் அவர்கள் பெற்ற ஒப்பந்தத்தில், நடிகரின் குரலைக் கணினியில் நகலெடுப்பதற்கு முன் சம்மதம் பெற வேண்டும், எதற்கு என்று தெரிவிக்க வேண்டும், பயன்படுத்தினால் பணம் கொடுக்க வேண்டும் என்பவை இடம்பெற்றன. எங்களுக்குச் சங்கம் இல்லை. ஆனால் அந்த மூன்றையும் தனியாளாக நின்று கேட்பதை யாரும் தடுக்க முடியாது. கேட்டவுடன் காணாமல் போகும் வாடிக்கையாளர், போக வேண்டியவர்தான்.

இன்னொரு தொல்லையையும் சொல்லிவைக்கிறேன். தேர்வுக்கான மாதிரி என்ற பெயரில் ஒரு முழு விளம்பரத்தையோ கேம் காட்சியையோ பேசவைத்து, பதில் போடாமல் அதையே பயன்படுத்துபவர்கள் உண்டு. எனக்கும் நடந்திருக்கிறது. மாதிரி என்றால் நான்கைந்து வரிகள் போதும். அதற்குமேல் கேட்டால், அப்படியே எடுத்துப் பயன்படுத்த முடியாதபடி நடுவில் ஒரு வரியை வேண்டுமென்றே மாற்றிப் பேசி அனுப்புங்கள்.

பணம் பற்றிச் சுருக்கமாக: ஃபைவர் உங்கள் ஊதியத்தில் 20 சதவீதத்தைக் கழித்துக்கொள்ளும், அதைக் கணக்கில் வைத்து விலை சொல்லுங்கள். 2025 ஏப்ரல் 1 முதல், வெளிநாட்டுக்குச் செய்யும் சேவைக்கு வங்கி வழியாக வரும் வருமானத்துக்கும் வரி உண்டு. அதிகபட்ச வீதம் 15 சதவீதம். சம்பளமும் இதுவும் சேர்த்து வருடத்துக்கு 18 இலட்சம் ரூபாவைத் தாண்டுகிறதா என்று பாருங்கள். கணக்குப் பிரிவில் இருப்பவருக்கு இதற்குமேல் நான் சொல்லத் தேவையில்லை.

அசரீரி

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. ஐயா, மரண அறிவித்தல் பயிற்சியை நேற்றிரவு செய்து பார்த்தேன்; கடன் கொடுத்தவராக வாசித்தபோது என் குரல் தாழ்ந்து, ஒவ்வொரு பெயரையும் நிறுத்தி நிறுத்திச் சொன்னதை நானே பதிவில் கேட்டு ஆச்சரியப்பட்டேன்.

கொட்டாஞ்சேனை அண்ணாவின் பதிலைப் பார்த்த பிறகு அந்த ஒப்பந்தத்தை முழுமையாக வாசித்தேன். ஒலிப்பதிவுகளையும் "அவற்றிலிருந்து பெறப்படும் எதனையும்" இப்போது உள்ள, இனி உருவாகக்கூடிய எல்லா ஊடகங்களிலும், உலகெங்கும், நிரந்தரமாகப் பயன்படுத்தும் உரிமை தங்களுக்கு உண்டு என்று ஒரு பந்தி சொல்கிறது. நான் கையெழுத்திடவில்லை. இனி என்ன எழுதி அனுப்புவது?

கொட்டாஞ்சேனையான்

"பெறப்படும் எதனையும்" என்பதற்குள் உங்கள் குரலின் நகலும் அடங்கும். "நிரந்தரமாக" என்பதற்குள் நீங்கள் பிற்காலத்தில் நடிக்கப்போகும் எல்லாப் பாத்திரங்களுக்கும் அந்த நகல் போட்டியாக நிற்பதும் அடங்கும். தமிழ்க் குரல்கள் அவர்களிடம் குறைவாக இருப்பதால்தான் உங்களைத் தேடி வந்திருக்கிறார்கள், ஆகவே பேரம் பேசத் தயங்க வேண்டாம்.

மரியாதையான சிறிய கடிதம் ஒன்று போதும். இந்தப் பதிவுகளைக் கொண்டு செயற்கைக் குரல் உருவாக்கப்படுமா என்று ஆம், இல்லை என்ற பதிலைக் கேளுங்கள். இல்லை என்றால், "செயற்கைக் குரல் உருவாக்கவோ, இயந்திரத்தைப் பயிற்றுவிக்கவோ பயன்படுத்தக்கூடாது" என்ற வரியை ஒப்பந்தத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். ஆம் என்றால், எந்தப் பொருளுக்கு, எத்தனை வருடத்துக்கு, எந்த நாடுகளில், உங்கள் குரல் அரசியலுக்கும் ஆபாசத்துக்கும் போகாது என்பதற்கு என்ன உறுதி, வருடந்தோறும் என்ன தொகை என்பவற்றை எழுத்தில் கேளுங்கள். அந்தப் பதில் கைக்கு வந்து, ஒப்பந்தம் தெரிந்த ஒரு சட்டத்தரணி வாசித்து முடிக்கும்வரை ஒரு வாக்கியத்தையும் அனுப்ப வேண்டாம், "தரம் பார்க்க" என்று கேட்டால்கூட. அவர்களுடைய பதில் வந்ததும் பெயரை நீக்கிவிட்டு இங்கே போடுங்கள், சேர்ந்து பார்ப்போம்.